பெருங்கருவி என்னும் மயக்கம்

வீட்டில் வைஃபை எல்லா அறைகளுக்கும் எட்டவில்லை என்று ஒருவர் வாய் திறந்த மாத்திரத்தில், உறவினரும் அண்டை வீட்டாரும் கடைக்காரரும் ஒரே குரலில் சொல்லும் பரிகாரம் ஒன்று உண்டு. இருக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதைவிட விலை கூடியதாய், ஆன்டெனாக்கள் மிகுந்ததாய், அட்டையின்மேல் பெரிய எண் பொறித்ததாய் ஒரு ரவுட்டரை வாங்கி அதே இடத்தில் வைத்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்பதே அந்தப் பரிகாரம். இந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதென்றால், இதற்கு நிரூபணம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழுவதில்லை. நான் இதை முற்றிலும் மறுக்கிறேன். வீட்டு வைஃபையின் குணதோஷங்களை நிர்ணயிப்பவற்றுள் முதலாவது, அலையை வெளியிடும் அக்செஸ் பாயின்ட் இருக்கும் இடம்; இரண்டாவது, அந்த இடத்துக்கு வந்து சேரும் கம்பி; கருவியின் பிரதாபம் மூன்றாவதாகவே வரும், அதுவும் வெகுதூரம் பின்தங்கி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருப்பதனால்தான் நம் குடும்பங்கள் திரும்பத் திரும்பப் பணத்தைச் செலவிட்டும் பலன் காணாமல் இருக்கின்றன.

நம் ஊர்களில் ஃபைபர் இணைப்பு எப்படி வீட்டுக்குள் நுழைகிறது என்பதைச் சற்றே கவனித்தால் விஷயம் விளங்கும். தெருக்கம்பத்திலிருந்து வரும் இழை, முன்வாசலுக்கு மேலோ ஜன்னல் ஓரத்திலோ ஒரு துளை வழியாக ஹாலுக்குள் வருகிறது. இணைப்புக் கொடுக்க வந்த தொழிலாளி, இழை முடிந்த இடத்தில், பிளக் பாயின்ட் அகப்பட்ட சுவரில், பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். அந்தப் பெட்டியினுள் இழையின் ஒளியை மின்குறியாக மாற்றும் பகுதி ஒன்று, வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே போக்குவரத்தை நடத்தும் ரவுட்டர் ஒன்று, வானொலி அலையாக அதைப் பரப்பும் அக்செஸ் பாயின்ட் ஒன்று என மூன்று தனித்தனிச் சாதனங்கள் ஒரே கூட்டில் அடைபட்டிருக்கின்றன. முதலிரண்டும் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் குறைவில்லை. மூன்றாவதோ வீட்டின் நடுவில், மனிதர்கள் புழங்கும் இடத்துக்கு அருகில் இருந்தாக வேண்டியது. மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காரணத்தால், இழையின் சௌகரியத்துக்காக ஏற்பட்ட இடமே அலைக்கும் இடமாகிவிடுகிறது. வீட்டு மனிதர்களின் சௌகரியத்தை அங்கே யாரும் ஆலோசிப்பதே இல்லை. நோய் இடத்தில் இருக்க, மருந்தை விலையில் தேடுகிறோம்.

சக்தி மிகுந்த கருவி, சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது எதிர்த்தரப்பாரின் பிரதான வாதம். முதலில், ஒரு கருவி எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதைத் தயாரிப்பாளரின் தாராள குணம் தீர்மானிப்பதில்லை. அரசாங்கத்தின் விதி தீர்மானிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-ல் நம் நாட்டில் அனுமதி வந்தபோது, ஆன்டெனாவின் பங்கையும் சேர்த்து 4 வாட் என்ற உச்சவரம்பும் கூடவே வந்தது. மலிவான பெட்டிக்கும் விலையுயர்ந்த பெட்டிக்கும் அந்தக் கூரை ஒன்றேதான். அடுத்து, கூரைக்குட்பட்டுச் சக்தியை இரட்டித்தாலும் கிடைக்கும் லாபம் 3 டெசிபல் மட்டுமே. தடையில்லாத வெட்டவெளியிலேயே அலை இருமடங்கு தூரம் செல்ல நான்கு மடங்கு சக்தி வேண்டும். அதாவது 6 டெசிபல். நம் வீடுகளோ வெட்டவெளி அல்ல. ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் ஒன்றே அந்த 3 டெசிபலைக் காட்டிலும் அதிகமாக எடுத்துக்கொள்கிறது. இரும்புக்கம்பி பின்னிய காங்கிரீட் தளம் அதனினும் பன்மடங்கு எடுத்துக்கொள்கிறது. படுக்கையறையின் இரும்பு பீரோவும், ரசம் பூசிய கண்ணாடியும், மாடியில் தண்ணீர் நிறைந்து நிற்கும் தொட்டியும் தத்தம் பங்குக்கு அலையைத் தடுக்கவோ திருப்பவோ விழுங்கவோ செய்கின்றன. மேல்நாட்டு மரப்பலகை வீடுகளில் சோதித்துச் சொல்லப்பட்ட எல்லைத் தூரத்தை நம் செங்கல் வீட்டுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. தெருத்திண்ணையில் எத்தனை பெரிய விளக்கை ஏற்றி வைத்தாலும் கொல்லைப்புறத்து இருட்டு நீங்குவதில்லை. அங்கே வேண்டியது கொல்லைப்புறத்துக்கென்று ஒரு சிறு விளக்கு.

இதைவிட முக்கியமான ஒன்றை இந்த வாதம் அடியோடு மறந்துவிடுகிறது. வானொலிப் பெட்டிக்கு நிலையம் பேசினால் போதும். பெட்டி பதில் சொல்ல வேண்டியதில்லை. வைஃபையில் அப்படியன்று. அக்செஸ் பாயின்ட் அனுப்பும் ஒவ்வொரு துணுக்குச் செய்திக்கும், கைப்பேசியிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்தத் துணுக்கு மறுபடி அனுப்பப்படுகிறது. கைப்பேசியோ, பேட்டரியைச் சிக்கனப்படுத்த வேண்டிய நிர்ப்பந்தத்தால், பெரும்பாலும் சில பத்து மில்லிவாட் அளவிலேயே ஒலிபரப்புகிறது. ஹாலில் இருக்கும் பெட்டியின் சக்தியை நீங்கள் பெருக்கலாம். பின்னறையில் இருக்கும் கைப்பேசியின் சக்தியைப் பெருக்க முடியாது. எனவே பெட்டியின் அலை கைப்பேசிக்கு எட்டும், கைப்பேசியின் பதில் பெட்டிக்கு எட்டாது. திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்க, வீடியோ அழைப்பு மட்டும் உறைந்து உறைந்து நிற்கும் அந்தத் துன்பத்தைப் பலரும் இணைப்புக் கம்பெனியின் குறை என்று நினைக்கிறார்கள். அந்தக் கோடுகள் வரும் அலையின் பலத்தை மட்டுமே காட்டுகின்றன. போகும் அலையைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. தூரத்தைக் குறைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

அட்டையில் பொறித்த எண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏஎக்ஸ் 5400 என்று எழுதியிருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் 574 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் 4804 மெகாபிட்டையும் கூட்டி, வந்த தொகையை ஒரு சுற்று உயர்த்தி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். வைஃபை 6 கைப்பேசி ஒன்று பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசும்; இரண்டு ஆன்டெனாக்களும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமும் உள்ள சாதாரணக் கைப்பேசிக்கு அந்தப் பட்டையில் எட்டக்கூடிய உச்சம் 1201 மெகாபிட். அதுவும் பெட்டிக்கு எதிரிலேயே நின்றால், தாளில். வீட்டுக்கு வரும் இணைப்பு 100 மெகாபிட்டாகவோ 200 மெகாபிட்டாகவோ இருக்க, மிகத் தெளிந்த 4கே படத்துக்கும் 25 மெகாபிட் தாராளமாகப் போதும் என்றிருக்க, ஐயாயிரத்து நானூறு என்னும் எண் எந்தப் பிரயோஜனத்துக்காக விலைக்கு வருகிறது? பின்னறைக்கு 30 மெகாபிட் நிச்சயமாகக் கிடைக்க வேண்டும் என்பதே குடும்பத்தின் தேவை. அதை அந்த எண் வாக்களிக்கவே இல்லை.

ஆன்டெனாக்கள் விஷயத்தில் எதிர்த்தரப்பாருக்கு ஓரளவு நியாயம் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே காலத்தில் பல தாரைகளை அனுப்புவதும், அலையைக் கருவியின் திசைக்குக் குவிப்பதும் வாஸ்தவமான பொறியியல் சாதனைகளே. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகள் புதிதாக ஆற்றல் எதையும் உற்பத்தி செய்வதில்லை. அதிக டெசிபல் லாபம் என்று விளம்பரப்படுத்தப்படும் குச்சி, மேலும் கீழும் போக வேண்டிய அலையை எடுத்துப் பக்கவாட்டில் பரப்புகிறது; அவ்வளவுதான். மாடி வீட்டுக்காரர் ஒருவர் அதை நேர்குத்தாக நிறுத்தினால், தன் தளத்துக்கு நன்மையும் மேல்தளத்துக்குத் தீமையும் செய்துகொள்கிறார்.

இனி, இந்த விவாதத்தின் உயிர்நிலை என்று நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். வைஃபையின் காற்றுவெளி எல்லோருக்கும் பொதுவானது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் அவருடைய சகாக்களும் தீவுகளுக்கிடையே கணினிச் செய்திகளை வானொலியில் அனுப்ப முனைந்தபோது, ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்வது எப்படி என்ற கேள்வியையே முதற்பிரச்சினையாக எதிர்கொண்டார்கள். அங்கிருந்து வளர்ந்து வந்த பரம்பரையில்தான் வைஃபையின் விதியும் பிறந்தது: பேசுமுன் கேள், வெளி காலியாக இருந்தால் பேசு, இல்லையேல் சற்றுக் காத்திருந்து மறுபடி முயல். இதன் விளைவை இல்லத்தில் வைத்துப் பாருங்கள். 12 மெகாபைட் அளவுள்ள புகைப்படம் ஒன்றை, அக்செஸ் பாயின்ட்டுக்கு அருகில் 600 மெகாபிட் வேகத்தில் பேசும் கைப்பேசி, கால் நொடிக்கும் குறைவில் அனுப்பிவிட்டு வெளியை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும். அதே படத்தை, மூன்று சுவர்களுக்கு அப்பால் 6 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிட்ட கைப்பேசி, பதினாறு நொடிக்குக் குறையாமல் வெளியைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்ப முடியும். தொலைவில் இருப்பவரின் மந்தம் அருகில் இருப்பவரையும் மந்தமாக்குகிறது. 2003-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த நிகழ்வை அளந்து வெளியிட்டார்கள்: எல்லோருக்கும் பேச்சு வாய்ப்பைச் சமமாகப் பங்கிடும் வைஃபையின் நியாயமே, ஒரே ஒரு மந்தக் கருவியின் நிலைக்கு அனைவரையும் இழுத்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்னர் வந்த கருவிகள் நேரத்தைப் பங்கிட்டு இதை ஓரளவு சமாளிக்கின்றன. எனினும் காற்றுவெளி வீணாவது வீணாவதுதான்.

இதிலிருந்து பிரபல அபிப்பிராயத்துக்கு நேர்விரோதமான ஒரு முடிவு பிறக்கிறது. ஒற்றைப் பெருங்கருவியின் நோக்கம், வெகுதொலைவில் இருப்பவரும் எப்படியாவது ஒட்டிக்கொண்டிருக்கும்படி செய்வது. அதாவது மந்தக் கருவிகளை விலக்காமல் பெருக்குவது. அதன் பெயரால் வீட்டின் முழு வேகமும் பலியாகிறது. இரண்டு எளிய அக்செஸ் பாயின்ட்டுகளைத் தனித்தனி அலைவரிசைகளில், குறைந்த சக்தியில், மனிதர்களுக்கு அருகில் வைத்தாலோ, ஒவ்வொரு கருவியும் தன் வேலையை விரைவில் முடித்துக்கொண்டு ஒதுங்குகிறது. எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது. சக்தியைக் கூட்டுவதில் இல்லாத பலன், குறைப்பதில் இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது அயலார் தர்மமும் ஆகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே. முப்பது குடித்தனங்கள் இந்த மூன்றையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய கட்டடத்தில், ஒவ்வொருவரும் உச்ச சக்தியில் ஒலிபரப்பினால், ஒவ்வொருவரின் பெட்டியும் மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதிலேயே காலம் கழிக்கும். இக்குறையைப் போக்க வழி இருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவை உரிமமின்றித் திறந்துவிட்டது. இந்தப் பட்டை சுவர்களைச் சுலபமாகத் தாண்டுவதில்லை என்று கடைக்காரர்கள் குறைசொல்கிறார்கள். அயலார் அலை நம் வீட்டுக்குள் வராதிருப்பதும் நம் அலை அவர் வீட்டுக்குள் போகாதிருப்பதும் அந்தக் குணத்தால்தானே? அக்செஸ் பாயின்ட்டை அறைக்கு அருகில் கொண்டுவந்தவருக்கு அது வரமாகிறது. தொலைவிலேயே வைத்திருப்பவருக்குத்தான் அது குறை.

இதற்குப் பதிலாக, ‘அப்படியானால் மெஷ் வாங்குங்கள்’ என்று அடுத்த தரப்பார் வருகிறார்கள். கம்பி வேண்டாம், மூன்று பெட்டிகளை ஆங்காங்கே வைத்தால் போதும், அவை தமக்குள் பேசிக்கொள்ளும் என்கிறார்கள். முந்தியதைவிட இது மேலான யோசனையே. பல இடங்களில் பல கருவிகள் என்ற தத்துவத்தையாவது ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அந்தப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வதும் அதே காற்றுவெளியில்தான். வாங்கிய செய்தியை அதே அலைவரிசையில் மறுபடி அனுப்பும் கருவியில், ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. இதற்கெனத் தனிப் பட்டை ஒதுக்கிய உயர்விலை மெஷ்களில் இக்குறை குறைவு; சுவர் என்னும் தடை அங்கும் மாறாமல் நிற்கிறது. சிக்னல் இல்லாத அறையில் பெட்டியை வைத்தால் அதற்கே சிக்னல் கிடைக்காது. சிக்னல் உள்ள இடத்தில் வைத்தால் இருண்ட அறை இருண்டபடியே இருக்கும். மெஷ் பெட்டிகளை ஈதர்நெட் கேபிளால் இணைத்தவர்கள் அவை நன்றாக வேலை செய்வதாகச் சொல்வது உண்மை. அந்தப் புகழ் கேபிளுக்குச் சேர வேண்டியது.

ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நடக்கும்போது அழைப்பு அறுந்துபோகும், மெஷ் இருந்தால் அறாது என்றும் அஞ்சுகிறார்கள். எந்த அக்செஸ் பாயின்ட்டோடு சேர்வது என்பதைத் தீர்மானிப்பது பெட்டி அன்று, கைப்பேசி. அக்கம்பக்கத்தில் எவை உள்ளன என்று தெரிவிக்கவும், நகரச் சொல்லி யோசனை கூறவும், பாதுகாப்புச் சரிபார்ப்பை விரைவுபடுத்தவும் தனித்தனி விதிமுறைகள் ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பின் நிர்ணயங்களில் பல்லாண்டுகளாக உள்ளன. மெஷ் என்ற பெயரில்லாத எளிய அக்செஸ் பாயின்ட்டுகளிலும் அவை கிடைக்கின்றன. கைப்பேசி பழைய பெட்டியையே விடாமல் பற்றிக்கொள்வதற்கு முக்கியக் காரணம், அந்தப் பெட்டியின் சக்தி தேவைக்கு மேல் இருப்பதே.

கம்பி இழுப்பது அலங்கோலம், செலவு, பழைய காலத்து வேலை என்பதுதான் எதிர்த்தரப்பின் கடைசி அரண். வயர்லெஸ் என்ற பெயரிட்டு வாங்கிய பொருளுக்கு எதற்கு வயர் என்று கேட்கிறார்கள். கேட்பவருக்கு நான் சொல்வது இது: காற்றில் செல்ல வேண்டிய தூரம் ஓர் அறையின் அகலம் மட்டுமே; மற்ற தூரமெல்லாம் கம்பியில் செல்வதே முறை. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தை, மழைக்கும் பீரோவுக்கும் அயலாருக்கும் அஞ்சாமல், ஒரே சீராகக் கொண்டுசெல்லும். எந்த விலைக்கு வாங்கிய வைஃபைக்கும் அந்த நிதானம் இல்லை. 2003-ல் வகுக்கப்பட்ட விதிமுறையின்படி அதே கேபிளில் 15.4 வாட் வரை மின்சாரமும் அனுப்பலாம். ஆகையால் கூரையில் அக்செஸ் பாயின்ட்டைப் பொருத்த அங்கே ஒரு பிளக் பாயின்ட்கூட வேண்டாம். ஃபைபர் பெட்டியையும், கேபிள்களுக்கு மின்சாரம் ஊட்டும் சுவிட்ச்சையும் இன்வெர்ட்டர் லைனில் ஒரே இடத்தில் வைத்துவிட்டால், மின்தடையின்போது வீடு முழுவதும் இணைப்பு அறாமல் இருக்கும். மெஷ் பெட்டிகள் மூன்று அறைகளில் மூன்று பிளக்குகளில் தொங்கும் வீட்டில் இது சாத்தியமா?

செலவென்பதும் மிகைப்படுத்திய ஆட்சேபமே. கிரானைட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் கணக்குப் பார்க்காமல் செலவிடும் நாம், தளம் போடுமுன் ஹாலிலிருந்து மாடிக்கும் பின்கட்டுக்கும் இரண்டு வெற்றுப் பி.வி.சி. குழாய்களைப் பதித்துவைக்க மறந்துவிடுகிறோம், எஞ்சினீயர்களும் நினைவூட்டுவதில்லை. பிற்காலத்தில் அந்தத் தளத்தை உடைக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்தான் என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் மேலிடுகிறது. கட்டி முடித்த வீட்டிலும் சுவரோரம் மெல்லிய கேசிங் பட்டி ஒட்டி, அதனுள் கேபிளை ஓடவிட எலக்ட்ரீஷியனுக்கு ஒருநாள் வேலை. இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள்கள் சந்தையில் நிறைய. அவை சுலபத்தில் முறியும், மின்சாரம் பாய்ந்தால் சூடேறும். முழுச் செம்புக் கேபிளையே கேட்டு வாங்க வேண்டும். அன்றியும், வீட்டு மின்வயர்கள் போகும் அதே குழாயில் இதை நுழைக்கக் கூடாது.

இடமும் கம்பியும் நிச்சயமான பின்பு, கருவியைத் தேர்ந்தெடுப்பது இலகுவாகிவிடுகிறது. இரண்டு பட்டைகளில் பேசுவதாய், கேபிளிலேயே மின்சாரம் வாங்கிக்கொள்வதாய், சக்தியையும் அலைவரிசை அகலத்தையும் நாமே குறைக்கத் தக்கதாய் உள்ள நடுத்தர வைஃபை 6 அக்செஸ் பாயின்ட் ஒன்று போதும். தனி அக்செஸ் பாயின்ட்டை வாங்காமல் பழைய ரவுட்டரையே பயன்படுத்துவோர், அதை அக்செஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் முகவரி வழங்கும் வேலையை இரண்டு பெட்டிகள் செய்து குழப்பம் விளையும். எண்ணைவிட நான் முக்கியமாகக் கருதுவது, தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் திருத்தங்களை வழங்குவார் என்பது. 2017-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப், அப்போது உலகெங்கும் நம்பப்பட்ட டபிள்யூபிஏ 2 பாதுகாப்பு முறையில் ஒரு பெருங்குறையை வெளிப்படுத்தினார். திருத்தம் பெறாத கருவிகள் விலை எதுவாயினும் திறந்த வீடுகளாகவே நின்றன. 2024 ஏப்ரல் முதல் பிரிட்டனில், இத்தகைய கருவிகளுக்கு எதுவரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய விவரம் அதுவே.

எதிர்காலத்தை உத்தேசித்து இன்றே வைஃபை 7 வாங்கிவிடலாமே என்போர் உளர். அதன் விசேஷப் பலன்களுள் பெரும்பகுதி 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையைச் சார்ந்தது. அந்தப் பட்டை 5 கிகாஹெர்ட்ஸைக் காட்டிலும் சுவருக்குத் தோற்பது. ஆக, தரம் உயர உயர அக்செஸ் பாயின்ட் மனிதருக்கு இன்னும் அருகில் வந்தாக வேண்டும். இன்று பதித்த கேபிளின் முனையில் ஐந்தாண்டுக்குப் பின் வேறு கருவியை மாட்டிக்கொள்ளலாம். இன்று ஹாலில் வைத்த பெருங்கருவியை அன்று என்ன செய்வது?

சிறிய வீடுகளில் இருப்போருக்கு இவ்வளவும் வேண்டாம். இரண்டு அறை வீட்டில், ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியையே வாசற்சுவரிலிருந்து எடுத்து, நீளமான இழைத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில், டி.வி.க்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ மறையாமல் வைத்தால் பெரும்பாலும் குறை நீங்கிவிடும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், தட்டையான வெள்ளைக் கேபிளைத் தரையோரமாகவும் கதவு நிலையின் இடுக்கிலும் ஓட்டிப் பின்னறையில் ஒரு சிறு அக்செஸ் பாயின்ட்டை வைத்துக்கொள்ளலாம். வீடு மாறும்போது கேபிளையும் கருவியையும் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.